நேட்டோவின் பங்காளி நாட்டை அடித்தால் நேட்டோ சண்டைக்கு வருமா?

கல்முனைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நேட்டோ என்பது ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் சேர்ந்த இராணுவக் கூட்டணி என்றுதானே படித்தோம். இப்போது ஜப்பான், தென் கொரியா, அவுஸ்திரேலியா எல்லாம் அதன் பங்காளி என்கிறார்கள். எங்கள் காக்கா வேலை செய்கிற குவைத்தும் பங்காளியாம். அந்த நாடுகளை யாராவது அடித்தால் நேட்டோ சண்டைக்கு வருமா? நாளைக்கு இலங்கையும் சேருமா? திருகோணமலைக்கு அவர்கள் வந்துவிடுவார்களா?"

கேள்வி நாலைந்து போலத் தெரிந்தாலும் அவர் கேட்பது ஒன்றைத்தான். பங்காளி என்று பெயர் வாங்கிய நாட்டுக்கு அதனால் என்ன கிடைக்கிறது, பதிலுக்கு அது என்ன கொடுக்கிறது? நான் மட்டக்களப்பில் உயர்தர வகுப்புகளுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறவன். சர்வதேச உறவுகளில் முதுமாணி செய்திருக்கிறேன். படையில் இருந்தவன் இல்லை, மூடிய அறைகளில் பேசுவது என் காதுக்கு வருவதும் இல்லை. உடன்படிக்கைகளையும் உச்சிமாநாட்டு அறிக்கைகளையும் பல வருடமாக வரி வரியாக வாசித்த பழக்கத்தில் எழுதுகிறேன், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகத்துக்கே இடமில்லாத பகுதியிலிருந்து தொடங்குவோம். நேட்டோவின் அத்திவாரம் 1949 ஏப்ரல் 4இல் வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை. மொத்தமே 14 உறுப்புரைகள்தான், தேநீர் ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். எல்லோரும் சொல்வது 5ஆம் உறுப்புரையை: ஓர் அங்கத்துவ நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கொள்ளப்படும். அதற்கு அடுத்த 6ஆம் உறுப்புரையை யாரும் சொல்வதில்லை. அந்தப் பாதுகாப்பு எந்த நிலத்துக்கும் கடலுக்கும் பொருந்தும் என்று அதுதான் எல்லை போடுகிறது. ஐரோப்பா, வட அமெரிக்கா, துருக்கி, பிறகு கடக ரேகைக்கு வடக்கே வட அத்திலாந்திக்கில் உள்ள தீவுகள், இவற்றோடு அந்தக் கடற்பகுதியிலும் மத்தியதரைக் கடலிலும் நிற்கிற அங்கத்துவ நாடுகளின் படையும் கப்பலும் விமானமும், அவ்வளவுதான். 10ஆம் உறுப்புரை இன்னொரு கதவையும் பூட்டுகிறது. புதிதாகச் சேர அழைக்கக்கூடியது ஐரோப்பிய நாடுகளை மட்டுமே. 2023இல் பின்லாந்தும் 2024இல் சுவீடனும் சேர்ந்து இப்போது 32 நாடுகள் ஆனதும் இந்த வழியில்தான். ஜப்பான் எவ்வளவு விரும்பினாலும், உடன்படிக்கையைத் திருத்தாமல் அது அங்கத்துவ நாடாக முடியாது.

இந்த எல்லை வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் போனது. கோவா அப்போது போர்த்துக்கல்லின் கையில் இருந்தது, போர்த்துக்கல் நேட்டோவைத் தொடங்கிய 12 நாடுகளில் ஒன்று. நேட்டோ அசையவில்லை. 1982இல் ஆர்ஜென்டீனா போக்லாந்துத் தீவுகளைப் பிடித்தபோது பிரித்தானியா தன் கடற்படையைக் கொண்டு தானேதான் மீட்டது, 5ஆம் உறுப்புரை அங்கே பொருந்தவில்லை. அமெரிக்காவின் மாநிலமான ஹவாய்கூட அந்த எல்லைக்கு வெளியேதான் கிடக்கிறது. அங்கத்துவ நாட்டின் மண்ணுக்கே இப்படியென்றால் பங்காளிக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 5ஆம் உறுப்புரை, "தேவையென்று தான் கருதும் நடவடிக்கையை" எடுக்கும்படிதான் ஒவ்வொரு நாட்டையும் கேட்கிறது. படை அனுப்பியே ஆகவேண்டும் என்று அதில் எழுதியில்லை. இதுவரை அதைப் பயன்படுத்தியது ஒரே தடவை, 2001 செப்டெம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு.

ஆக, முதல் கேள்விக்குப் பதில்: வரவேண்டிய கடமை இல்லை. ஊரில் மரணாதார சங்கத்தில் சந்தா கட்டிய வீட்டுக்கு இழவு விழுந்தால் சங்கம் பணம் கொடுத்தே தீரவேண்டும். சந்தா கட்டாத பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்தோடு நல்ல பழக்கமாக இருக்கலாம், பந்தல் போடக் கூடமாட நிற்கலாம், சங்கத்தின் கதிரைகளை இரவல் வாங்கலாம். அவர் வீட்டில் ஒன்று நடந்தால் சங்கத்துக்காரர் வருவார்களா என்பது அன்றைய மனதைப் பொறுத்தது. பங்காளி நாடு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

இங்கே பலர் குழம்புகிற ஓர் இடம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் "நேட்டோ அல்லாத முக்கிய நட்பு நாடு" என்று ஒரு பட்டம் இருக்கிறது. ஜப்பான், அவுஸ்திரேலியா, பாகிஸ்தான், குவைத், பஹ்ரைன், கட்டார் எல்லாம் அந்தப் பட்டம் பெற்றவை. பெயரில் நேட்டோ இருந்தாலும் அதைக் கொடுப்பது அமெரிக்கா மட்டும். ஆயுதம் வாங்குவதில் சில சலுகை கிடைக்கும், காப்பதாக எந்த வாக்குறுதியும் இல்லை. ஜப்பானையும் தென் கொரியாவையும் அவுஸ்திரேலியாவையும் உண்மையில் காப்பது அமெரிக்காவோடு அவை 1951க்கும் 1960க்கும் இடையில் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கைகள். குவைத்தில் நிற்கிற அமெரிக்கப் படையும் கட்டாரின் அல் உதைத் தளமும் அப்படித்தான், இரு நாட்டு ஒப்பந்தங்களின் கீழ் இருப்பவை. நேட்டோ என்ற பெயரில் குவைத்தில் இருப்பது 2017இல் திறந்த ஒரு பிராந்திய நிலையம். அது பயிற்சி வகுப்பும் கலந்துரையாடலும் நடத்துகிற இடம். காக்கா அங்கே சீருடைக்காரரைக் கண்டால் பெரும்பாலும் அது அமெரிக்கப் படை என்று நினைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் பங்காண்மையில் இருப்பதுதான் என்ன? பழைய சோவியத் பக்கத்து நாடுகளோடு பழக 1994 ஜனவரியில் "சமாதானத்துக்கான பங்காண்மை" என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதே வருடம் மத்தியதரைக் கடலின் தென்கரை நாடுகளோடு ஒரு கலந்துரையாடல் அமைப்பு, 2004இல் இஸ்தான்புல் உச்சிமாநாட்டில் வளைகுடாவுக்கு ஒன்று. இந்தக் கடைசியில்தான் குவைத், பஹ்ரைன், கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம் சேர்ந்தன. சவூதியும் ஓமானும் சேரவில்லை. இந்த மூன்று வட்டத்துக்கும் வெளியே தனித்தனியாகச் சேர்ந்த தூரத்து நாடுகள் இருக்கின்றன: ஜப்பான், தென் கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, மங்கோலியா, பாகிஸ்தான், ஈராக், கொலம்பியா. ஆப்கானிஸ்தானும் இந்தப் பட்டியலில் இருந்தது, 2021இல் தலிபான் வந்ததும் அந்த உறவு நின்றுபோனது.

ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாக ஒரு வேலைத்திட்டம் எழுதிக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பதெல்லாம் கேட்கச் சலிப்பான விஷயம்: இணையத் தாக்குதலைத் தடுப்பது, கடற்பாதுகாப்புத் தகவல் பரிமாற்றம், அதிகாரிகளுக்குப் பயிற்சி, கூட்டுப் போர்ப்பயிற்சி, விஞ்ஞான ஆய்வு. எஸ்தோனியாவின் தாலினில் நேட்டோவின் அங்கீகாரம் பெற்ற இணையப் பாதுகாப்பு மையம் ஒன்று இருக்கிறது. 2022இல் ஆசியாவிலிருந்து முதலில் அதில் சேர்ந்தது தென் கொரியாவின் உளவு நிறுவனம். ஆனால் சலிப்பான இந்தப் பகுதியில்தான் பெரிய காரியம் நடக்கிறது என்பது என் எண்ணம். நேட்டோவின் உண்மையான பலம் அதன் பொதுத் தரங்கள். பீரங்கிக் குண்டு 155 மில்லிமீற்றர், துப்பாக்கி ரவை 5.56 மில்லிமீற்றர், வானொலி அலைவரிசை, வரைபடக் குறியீடு, விமானத்துக்கு எண்ணெய் ஊற்றும் குழாயின் வாய்வரைக்கும் ஒரே அளவு. இந்த அளவுகளுக்குப் பழகிய நாடு, வேண்டிய நேரத்தில் புதிதாக எதையும் படிக்காமல் மற்றவர்களோடு வேலை செய்யும். 2022இல் உக்ரைன் போர் வந்ததும் போலந்து அவசரமாக டாங்கியும் பீரங்கியும் தேடியபோது கே2 டாங்கியையும் கே9 பீரங்கியையும் கொடுக்க முடிந்தது தென் கொரியாவால். காரணம், அந்தப் பீரங்கி சுடுவதும் அதே 155தான்.

"ஒத்த கருத்துள்ள நாடுகள்" என்று அறிக்கைகளில் அடிக்கடி வரும். அதை நான் கொஞ்சம் உப்புச் சேர்த்துத்தான் வாசிப்பேன். 1994இல் சமாதானத்துக்கான பங்காண்மையில் கையெழுத்திட்ட நாடுகளில் ரஷ்யா ஒன்று, அடுத்த வருடம் பெலாருஸ் வந்தது. மத்தியதரைக் கலந்துரையாடலில் இஸ்ரேலும் அல்ஜீரியாவும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. கருத்து ஒத்துப்போனதால் கூடியதைவிட, அந்தந்தக் காலத்துத் தேவை ஒத்துப்போனதால் கூடியதுதான் அதிகம். தேவை மாறும்போது பட்டியலும் மாறும்.

தூரத்து நாடுகளை நேட்டோ நெருங்கியது முதலில் ஆப்கானிஸ்தானில்தான். 2003 ஓகஸ்ட்டில் அங்கிருந்த சர்வதேசப் படையின் பொறுப்பை நேட்டோ எடுத்தது. உச்சக்கட்டத்தில் 50 வரையான நாடுகள், 130,000 பேர். அவுஸ்திரேலியர் உருஸ்கான் மாகாணத்தில் நின்றார்கள், நியூசிலாந்துக்காரர் பாமியானில் பத்து வருடம் இருந்தார்கள். அங்கத்துவம் இல்லாமலே 41 அவுஸ்திரேலியரும் 10 நியூசிலாந்துக்காரரும் அந்தப் போரில் செத்தார்கள். உயிரைக் கொடுக்கிற இடத்தில் நிற்கிறோம், முடிவெடுக்கிற மேசையில் எங்களுக்கு இடமில்லையா என்ற கேள்வி அங்கேதான் எழும்பியது. பங்காளிகளையும் கூட்டங்களுக்கு அழைக்கும் முறை 2011இல் விரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஜப்பான் ஆள் அனுப்பாமல் காசு கொடுத்தது, ஆப்கான் பொலிஸாரின் சம்பளம் உட்பட.

இரண்டாவது அலை 2022. யூன் மாதம் மாட்ரிட்டில் நடந்த உச்சிமாநாட்டுக்கு ஜப்பான், தென் கொரியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கின் தலைவர்களும் முதன்முறையாக வந்தார்கள். நேட்டோவின் மூலோபாய ஆவணத்தில் சீனாவின் பெயர் முதன்முறையாக வந்ததும் அங்கேதான். சீனா இதை ஆசிய நேட்டோவுக்குப் போடும் அத்திவாரம் என்கிறது. எனக்கு அது மிகையாகப் படுகிறது. அடுத்த வருடம் டோக்கியோவில் ஒரு சிறு தொடர்பு அலுவலகம் திறக்க யோசித்தார்கள். பிரான்ஸ் ஜனாதிபதி மக்ரோன் அது நேட்டோவின் வேலை இல்லை என்று மறித்தார், அந்த யோசனை படுத்துவிட்டது. நேட்டோவில் எல்லாம் ஏகமனதாகத்தான் முடிவாகும். ஓர் அலுவலகத்துக்கே இந்தப் பாடு என்றால் ஆசியாவுக்குப் படை அனுப்ப 32 பேரும் தலையாட்டுவார்கள் என்று நான் நம்பவில்லை. அதேநேரம் வட கொரியப் படையினர் உக்ரைனுக்கு எதிராகச் சண்டையிட 2024 கடைசியில் ரஷ்யாவின் கூர்ஸ்க்கில் இறங்கியதைப் பார்த்தபின், ஐரோப்பாவின் போருக்கும் கிழக்காசியாவின் போருக்கும் தொடர்பில்லை என்று யாராலும் அடித்துச் சொல்லவும் ஏலாது.

கூட்டாளியும் எதிரியும் எவ்வளவு சீக்கிரம் இடம் மாறுகிறார்கள் என்பதற்கு நாங்கள் தூரம் போகத் தேவையில்லை. 1942 ஏப்ரல் 9இல் பிரித்தானியாவின் விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸும் அதற்குக் காவலாக வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் மட்டக்களப்புக் கடலில்தான் மூழ்கின. மூழ்கடித்தது ஜப்பானிய விமானங்கள். திருகோணமலைத் தாக்குதலுக்கு அகப்படாமல் ஒதுங்கிப் போன ஹேர்மிஸில் அன்று அதன் விமானங்கள் இருக்கவில்லை. முந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஐம்பது மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கிற அந்தக் கப்பலைப் பார்க்க இன்றும் சுழியோடிகள் வருகிறார்கள். குண்டு போட்ட நாடும் குண்டு வாங்கிய இரண்டு நாடுகளும் இன்று ஒரே உச்சிமாநாட்டுப் படத்தில் நிற்கின்றன.

திருகோணமலைக் கேள்விக்கு வரும்முன் அம்பாறைக்காரர் பலர் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கனேடிய இராணுவத்தின் பேரிடர் உதவிக் குழு, ஏறத்தாழ 200 பேர், அம்பாறையில் வந்து தங்கித் தண்ணீரைச் சுத்திகரித்துக் கொடுத்தது, வைத்தியமும் பார்த்தது. கனடா நேட்டோ நாடு, ஆனால் வந்தது கனடாவாக. அடுத்த வருடம் ஒக்டோபரில் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது போனது நேட்டோவேதான். ஆயிரக்கணக்கான தொன் நிவாரணத்தை விமானத்தில் ஏற்றி இறக்கியது, பொறியியலாளரும் வைத்தியரும் அதன் கொடியின் கீழ் போனார்கள். பாகிஸ்தான் அப்போது முறையான பங்காளிகூட இல்லை. ஆக, பங்காண்மை இல்லாமலும் நேட்டோ வரும், நேட்டோ இல்லாமலும் நேட்டோ நாடுகள் வரும். எந்த ஒப்பந்தத்தின் கீழ், யாருடைய கொடியில் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இலங்கை நேட்டோவின் எந்தப் பங்காண்மைத் திட்டத்திலும் இல்லை. எங்களுடைய பழைய வழக்கம் வேறு. சுதந்திரத்துக்கு முன்னரே 1947இல் பிரித்தானியாவோடு செய்த பாதுகாப்பு ஒப்பந்தத்தால் திருகோணமலையும் கட்டுநாயக்காவும் அவர்கள் தளமாகத் தொடர்ந்தன. 1957இல் பண்டாரநாயக்க அவற்றைத் திருப்பி எடுத்தார். 1954இல் அமெரிக்கா தென்கிழக்காசியாவுக்கென்று சீட்டோ என்ற கூட்டணியைக் கட்டியபோது பாகிஸ்தான் சேர்ந்தது, இலங்கை ஒதுங்கியது. அந்தக் கூட்டணி 1971 போரில் பாகிஸ்தானைக் காக்க வரவில்லை, 1977இல் கலைந்தும் போனது. 1976இல் கொழும்பில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு நடந்தது, அது எங்கள் பாடத்திட்டத்திலும் வருகிற விஷயம்.

ஆனால் அணிசேராமை என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்ட காகிதங்களும் உண்டு. 2007இல் அமெரிக்காவோடு பரஸ்பர வழங்கல் சேவை ஒப்பந்தம் ஒன்று செய்தார்கள், 2017இல் அதைப் புதுப்பித்தார்கள். இரு நாட்டுப் படைகளும் எரிபொருள், உணவு, துறைமுகச் சேவை போன்றவற்றை ஒன்றிடமிருந்து ஒன்று பெற அது வழிசெய்கிறது. படையினரின் சட்ட அந்தஸ்து பற்றிய இன்னொரு ஒப்பந்தத்தைப் புதிதாக எழுத 2019 அளவில் பேச்சு நடந்து, எதிர்ப்பில் நின்றுபோனது. 2023இல் பஹ்ரைனைத் தலைமையகமாகக் கொண்ட 'ஒன்றிணைந்த கடற்படைகள்' என்ற பன்னாட்டுக் கூட்டணியில் இலங்கை சேர்ந்தது. அதன் தலைமை அமெரிக்கக் கடற்படை அதிகாரியிடம்தான் இருக்கிறது, ஆனால் அது நேட்டோ இல்லை. 2025இல் இந்தியாவோடு பாதுகாப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை. இவற்றில் ஒன்றும் நேட்டோவோடு செய்தது இல்லை. திருகோணமலையில் நாளை என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கப்போவது இந்தக் காகிதங்கள்தான் என்பது என் முடிவு. நேட்டோ வருகிறது, நேட்டோ வருகிறது என்று முகநூலில் கத்துகிறவர்கள் இவற்றை ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. தைவானில் போர் மூண்டால் ஐரோப்பிய நாடுகள் என்ன செய்யும் என்பது ஒன்று. நேட்டோ என்ற அமைப்புக்குக் கடமை இல்லை, ஆனால் அமெரிக்கா இறங்கினால் தனி நாடுகளாகப் பொருளாதாரத் தடை, ஆயுதம், உளவுத் தகவல் என்ற அளவில் சில சேரக்கூடும். இது ஊகம், உடன்படிக்கையில் இருந்து வருவதில்லை. இரண்டாவது, இந்தத் தூரத்துப் பங்காண்மை நீடிக்குமா என்பது. 2025 யூனில் ஹேக் உச்சிமாநாட்டுக்கு நான்கு நாடுகளில் நியூசிலாந்துப் பிரதமர் மட்டுமே நேரில் போனார், ஜப்பான், தென் கொரியா, அவுஸ்திரேலியத் தலைவர்கள் போகவில்லை. அதை வைத்து எல்லாம் முடிந்தது என்பவர்களும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தலைவர்களின் வருகையைவிட ஆயுதத் தொழிற்சாலைகளின் ஒப்பந்தங்கள் மெதுவாக மாறுபவை, போலந்துக்குக் கொரியா கட்டும் டாங்கி ஓர் உச்சிமாநாட்டைத் தவறவிட்டதால் நிற்காது. வாஷிங்டனில் ஐரோப்பா மீதான அக்கறை இன்னும் குறைந்தால் கதை வேறு.

இலங்கை கேட்டால் பங்காளி ஆகலாமா? ஆகலாம், அதற்கு ஐரோப்பிய நாடாக இருக்கத் தேவையில்லை. 2024இல் ஆர்ஜென்டீனாவே விண்ணப்பித்தது. 32 நாடுகளும் ஒப்பவேண்டும், அவ்வளவுதான் தடை. ஆனால் கொழும்பு கேட்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் கடற்படையிடம் இருக்கிற பெரிய கப்பல்களைப் பாருங்கள். கஜபாகு அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் பழைய கப்பல், பராக்கிரமபாகு 2019இல் சீனா கொடுத்தது, சயுரால இந்தியாவின் கோவாவில் கட்டியது. ஜப்பான் எங்கள் கரையோரக் காவலுக்கு ரோந்துக் கப்பல் கொடுத்திருக்கிறது. பெயர் எழுதிக்கொள்ளாமலே நாலு பக்கமும் வாங்கிக்கொள்கிற ஒரு நாடு, ஒரு பக்கத்தின் பட்டியலில் ஏறி மற்ற மூன்றையும் இழக்க என்ன அவசரம்?